கந்தகத்துக்கு ஏது கந்தம்?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கந்தகம் கேட்டேன். "நெல்லிக்காய்க் கந்தகமாண்ணே, வாணக் கந்தகமா?" என்றார் கடைக்காரர். முன்னது சித்த வைத்தியத்துக்கு. பின்னதில் வாணவேடிக்கை பெயரிலேயே இருக்கிறது. மஞ்சள் கட்டி ஒன்றை மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை என்று சொல்ல ஒன்றுமில்லை.

பெயரோ வாசனையில் பிறந்தது. வடமொழியில் 'கந்தம்' என்றால் மணம், மணமுடையது கந்தகம். வைத்திய நூல்களில் 'கெந்தகம்' என்றும் வரும். (முருகனுக்கும் இதற்கும் உறவில்லை, அந்தக் கந்தன் 'ஸ்கந்த' வழி வந்தவன்.) ஆங்கிலத்தின் பழம்பெயரான பிரிம்ஸ்டோனுக்கு எரிகல் என்று பொருள். எனக்கென்னவோ அதுதான் நியாயமான பெயராகப் படுகிறது. எரித்தால்தானே இது நாறும்!

ஒரு தீக்குச்சியை உரசிப் பாருங்கள். மருந்திலுள்ள கந்தகம் எரிந்து சல்ஃபர் டை ஆக்சைடு ஆகிறது; மூக்கில் சுருக்கென்று ஏறுவது அதுதான். நடுவில் ஒரு கந்தக அணு, இரு பக்கமும் ஆக்சிஜன். பிணைப்பில் சேராமல் கந்தகத்தின் மேல் தனித்திருக்கும் எலக்ட்ரான் இணை, இரு பிணைப்புகளையும் ஒதுக்கித் தள்ளுகிறது. மூலக்கூறு சுமார் 119 பாகையில் வளைந்துவிடுகிறது. நேர்கோடாக நிற்கும் கார்பன் டை ஆக்சைடுக்கு இல்லாத மின்முனைவு இதற்கு உண்டு. தண்ணீரில் நன்றாகக் கரையும். மூக்கின் ஈரத்தில் கரைந்து அமிலமாகித்தான் கடிக்கிறது. கரும்புச் சாற்றை வெளுக்க நம்மூர்ச் சர்க்கரை ஆலைகள் பலவற்றில் செலுத்துவதும் இதே புகையைத்தான்.

மதுரைக்குத் தென்மேற்கே சிவகாசி வட்டாரத்தைக் 'கந்தக பூமி' என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததில் தொடங்கிய பெருமை அது. மண்ணோ கரிசல், எவ்வளவு தோண்டினாலும் கந்தகம் வராது.

உலகின் கந்தகத்தில் பெரும்பகுதி இன்று எண்ணெய், எரிவாயுச் சுத்திகரிப்பில் கிடைக்கிறது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடில் மூன்றிலொரு பங்கை எரித்து சல்ஃபர் டை ஆக்சைடாக்கி, மீதியோடு வினைபுரிய விடுவார்கள். 1883-இல் காப்புரிமை பெற்ற கிளாஸ் முறை இது. நாறும் வாயு இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின் மிஞ்சுவது கொஞ்சம் தண்ணீரும், கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததைப் போன்ற மணமில்லாத மஞ்சளும்.