புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்கு (ஆஸ்திரேலியா)

காற்று, சூரிய ஒளி, நீர் முதலிய தீர்ந்துபோகாத மூலங்களிலிருந்து குறிப்பிட்ட அளவு மின்சாரம் பெறப்பட வேண்டும் என்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி விதித்த கட்டாய ஏற்பாடு. ஜான் ஹோவர்ட் ஆட்சியில் 2001இல் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், 2010ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்குக் கூடுதலாக 9,500 ஜிகாவாட்-மணி (ஒரு ஜிகாவாட்-மணி என்பது பத்து லட்சம் யூனிட்) என்ற எளிய இலக்குடன் தொடங்கியது.

உற்பத்தியாகும் ஒவ்வொரு மெகாவாட்-மணிக்கும், அதாவது ஆயிரம் யூனிட்டுக்கும், ஒரு சான்றிதழ் வழங்கப்படுகிறது. மின்விற்பனை நிறுவனங்கள் தம் விற்பனைக்கு ஏற்ற எண்ணிக்கையில் இவற்றை வாங்கி ஒழுங்குமுறை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் பற்றாக்குறைக் கட்டணம் செலுத்த நேரிடும். அரசின் வாக்குறுதியைச் சந்தையின் கடமையாக்கிய இந்தப் பொறியமைப்பே திட்டத்தின் உயிர்நாடி.

2009இல் இலக்கு 2020ஆம் ஆண்டுக்கு 45,000 ஜிகாவாட்-மணியாக உயர்த்தப்பட்டது. 2011இல் வீட்டுக்கூரைச் சூரியத்தகடு போன்ற சிறு அமைப்புகள் தனித் திட்டமாகப் பிரிக்கப்பட, பெரிய மின்நிலையங்களுக்கு 41,000 எஞ்சியது. டோனி அபட் அரசு 2014இல் மறுஆய்வுக்கு உத்தரவிட்டபோது, இலக்கே நிலைக்குமா என்ற ஐயத்தால் பெரும் நிலையங்களுக்கான முதலீடு கடுமையாகச் சரிந்தது; சட்டமாக இயற்றப்பட்ட இலக்கும் அரசியல் உறுதி தளரும்போது வலுவிழக்கும் என்பதை இவ்வீழ்ச்சி தெளிவாகக் காட்டியது. 2015இல் இலக்கு 33,000 ஆகக் குறைக்கப்பட்டபின் முதலீடு மீண்டது. இந்த இலக்குக்குத் தேவையான உற்பத்தித்திறன் 2019இலேயே எட்டப்பட்டது என்பது, குறைப்பு தேவையற்றது என்ற கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. சான்றிதழ்க் கடமை 2030 வரை நீடிக்கிறது.