கையால் சுழலும் கருவி

மனிதன் நோயைக் கண்டறிந்த வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் நுண்ணோக்கியின் புகழையே பாடுகின்றன. லாவரான் 1880-இல் அல்ஜீரியாவில் மலேரியா ஒட்டுண்ணியை அதன் வழியாகவே கண்டார். ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றினுள் அந்த ஒட்டுண்ணியைக் கண்டதும் அதன் வழியாகத்தான். இவ்விரு நிகழ்ச்சிகளையும் நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஆயினும், கண் பார்ப்பதற்கு முன் கை செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. உடலிலிருந்து எடுத்த இரத்தமோ சிறுநீரோ எடுத்த நிலையிலேயே பல சோதனைகளுக்குப் பயன்படாது. வேண்டியதை வேண்டாததினின்று பிரித்த பின்பே சோதனை தொடங்கும். அவ்வாறு பிரிக்கும் கருவியைப் பற்றி நம் பாடநூல்கள் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. எவருக்குச் சோதனை கிட்டும், எவருக்குக் கிட்டாது என்பதைப் பலமுறை தீர்மானித்தது அக்கருவியே.

உறையாதபடி மருந்து சேர்த்த இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால், கனமான செவ்வணுக்கள் மெல்ல அடியில் இறங்கும். மேலே வெளிறிய மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா தெளியும். நலமுள்ளவரின் இரத்தத்தில் இவ்விறக்கம் ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டரே ஆகும். நோயுற்ற உடலில் அது விரைவுபடுவதுண்டு. அந்த வேகத்தையே நோயின் அறிகுறியாகக் கொள்ளலாம் என்பதை ஸ்வீடன் நாட்டினர் ஃபோரேயுஸ் 1918-இலும் வெஸ்டர்கிரன் 1921-இலும் ஆராய்ந்து காட்டினர். ஆனால், பிளாஸ்மாவை முழுவதும் பிரித்தெடுக்க வேண்டியவர் இயற்கையின் இந்தப் பொறுமையை நம்பிக் காத்திருக்க இயலாது. புவியீர்ப்பினும் வலிய விசை ஒன்று அவருக்குத் தேவை.

அவ்விசையை நீங்கள் அறிவீர்கள். நீர் நிரம்பிய வாளியைத் தலைக்கு மேலாக வேகமாகச் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை. வாளியின் அடிப்புறம் நோக்கி நீர் அழுந்தி நிற்கிறது. 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு குழாயை நிமிடத்துக்கு 2,000 முறை சுழற்றினால், அதனுள் இருக்கும் பொருள் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 450 மடங்கு விசையை உணரும். வேகத்தை இரு மடங்காக்கினால் விசை நான்கு மடங்காகும். எனவே, ஆய்வாளர்கள் ஆரத்தைப் பெருக்குவதைக் காட்டிலும் வேகத்தைப் பெருக்குவதிலேயே கருத்தூன்றினர்.

வியப்பு என்னவெனில், இக்கருவி மருத்துவமனைக்கு வருமுன் பால்பண்ணைக்கு வந்துவிட்டது. 1878-இல் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் தெ லாவால், பாலைச் சுழற்றி அதன் ஆடையை இடைவிடாது பிரிக்கும் இயந்திரத்தை அமைத்தார். இதைக் கேட்டவுடன், நம் வீட்டு மத்தும் இதே தத்துவம்தானே என்று மாணவர்கள் வினவுவது வழக்கம். அன்று. மத்தில் கயிற்றை மாறி மாறி இழுக்கும்போது தயிர் அலைப்புண்டு, கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டி வெண்ணெயாகத் திரள்கின்றன. எடை வேற்றுமையால் விலகும் பிரிப்பு வேறு. ஆயினும், மத்தின் கயிற்றை நினைவில் வைத்திருங்கள். அதற்கு இவ்வரலாற்றில் பின்னர் ஒரு வேலை உண்டு.

பாலுக்குப் பின் இரத்தம். 1890-ஆம் ஆண்டை ஒட்டி அதே ஸ்வீடனின் லுண்டு நகரில் மாக்னஸ் பிளிக்ஸ், ஸ்வென் ஹெடின் என்னும் இருவர், மெல்லிய அளவுக் குழாயில் இரத்தத்தை ஏற்றிச் சுழற்றும் கருவியை உருவாக்கினர். (நடு ஆசியாவில் பயணம் செய்த ஸ்வென் ஹெடின் வேறொருவர், பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டா.) இதற்கு ஹீமட்டோகிரிட் என்று பெயர். இரத்தத்தைக் கூறுபடுத்தித் தீர்ப்புரைப்பது என்று அக்கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் கூறலாம். குழாயின் நீளத்தில் செவ்வணுக்கள் எத்தனை பங்கு நிற்கின்றன என்று அளந்தால் போதும். வயது வந்த ஆடவரில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 வரை இருக்கும். பெண்களில் சற்றுக் குறையும். மிகத் தாழ்ந்தால் இரத்தசோகை எனக் கொள்ளலாம். அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கண் சோரும் வேலைக்கு மாற்றாகச் சில நிமிடச் சுழற்சி வந்தது.

கைச்சுழற்றி என்னும் கருவியை நான் பயிற்சிக் கல்லூரியில் கண்டிருக்கிறேன். மேசை விளிம்பில் திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால், பல்சக்கரங்களின் உதவியால் மேலுள்ள குழாய்கள் பல சுற்றுகள் சுற்றும். எதிரெதிர்க் குழாய்களில் சம அளவு நீர்மம் இல்லையெனில் மேசையே அதிரும்! சமநிலையைப் பற்றி ஒரு வாரம் கற்பிப்பதைக் காட்டிலும் அந்த அதிர்ச்சி ஒன்றே நன்கு கற்பிக்கும். இத்தகைய கருவியால் சிறுநீரின் வண்டலையும் இரத்தத்தின் தெளிவையும் மருத்துவர்கள் தங்கள் அறையிலேயே பிரித்துக்கொண்டார்கள்.

பின்னர் மின்மோட்டார் வந்தது. வேகம் பெருகிற்று, ஒரே சமயத்தில் பல குழாய்களைச் சுழற்ற முடிந்தது, கையும் ஓய்ந்தது. இவை பெரும் நன்மைகளே. ஆனால், மின்சாரம் இல்லாத இடத்தில் அந்த இயந்திரம் வெறும் இரும்புப் பாரம். மனு பிரகாஷ் என்னும் விஞ்ஞானி கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர்; பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் 2013-இல் உகாண்டாவுக்குச் சென்றபோது, ஒரு மருத்துவ நிலையத்தில் சுழற்றுக் கருவியைக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதை இயக்க அங்கு மின்சாரம் இல்லை.

கைக்குத் திரும்பும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2008-இல் ஹார்வர்டில் ஒயிட்சைட்ஸ் குழுவினர், சமையலறையில் முட்டை அடிக்கும் கைக்கருவியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஒட்டிப் பிளாஸ்மாவைப் பிரித்துக் காட்டினர். பிரகாஷ் குழுவினர் விளையாட்டுப் பொருள்களை நாடினர். இரு துளையிட்ட பொத்தானிலோ, தட்டையாக்கிய சோடா மூடியிலோ நூலைக் கோத்து, முறுக்கி, இரு கைகளாலும் இழுத்தும் தளர்த்தியும் இரைச்சலோடு சுழலவிடுவோமே, அந்த விளையாட்டை நீங்களும் ஆடியிருப்பீர்கள். அதை அதிவேக ஒளிப்படக் கருவியால் படம் எடுத்தவர் சாத் பாம்லா. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். பொத்தான் நிமிடத்துக்கு 10,000 முதல் 15,000 முறை சுழல்வதைக் கண்டார்! இழுக்கும்போது நூலின் முறுக்கு அவிழ்ந்து வட்டு விரைகிறது. அந்த வேகமே தளர்ந்த நூலை எதிர்த்திசையில் முறுக்கிவிடுகிறது. மத்தும் இவ்வாறே திசை மாறி மாறிச் சுழல்கிறது அன்றோ?

நூலின் முறுக்கைக் கணிதத்தால் ஆராய்ந்து அவர்கள் அமைத்த காகித வட்டுக் கருவியின் விவரம் 2017-இல் வெளிவந்தது. எடை 2 கிராம். பொருட்செலவு 20 அமெரிக்கக் காசுகளுக்கும் குறைவு. அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. ஒன்றரை நிமிடத்துக்குள் பிளாஸ்மா பிரிந்தது; மலேரியா ஒட்டுண்ணிகளை 15 நிமிடத்தில் தனியே ஒதுக்க முடிந்தது. மடகாஸ்கர் தீவின் சுகாதாரப் பணியாளர்களிடமும் அதைக் கொண்டு சென்று சோதித்தனர்.

விலையை மட்டும் கண்டு வியந்தவர்கள் பலர். என் கருத்து சற்று வேறு. காகித வட்டு சுழற்றுவது விரல்நுனி இரத்தத்தின் சில துளிகளை மட்டுமே. பத்துப் பேரின் குழாய்களை ஒருங்கே சுழற்றும் மருத்துவமனைக்கு மின்கருவியே வேண்டும். பிரித்த ஒட்டுண்ணியைக் காண நுண்ணோக்கியும், அதைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். குழாயின் வாயை நன்கு அடைக்காவிடில் நோயாளியின் இரத்தம் சுழற்றுபவர் மேலேயே தெறிக்கும். எளிய கருவிக்கு எளிய பயிற்சி போதும் என்று நினைப்பது தவறு.

தென்கொரியாவின் உல்சான் நகர் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கருவி இன்னும் ஒரு படி சென்றது. சிறுவர் விரலில் வைத்துச் சுழற்றும் சுழலியின் வடிவில் அதை அமைத்தனர். அதில் 1 மில்லிலிட்டர் சிறுநீரை இட்டு விரலால் சுண்டிச் சுழற்றினால், உள்ளிருக்கும் சவ்வில் பாக்டீரியா தங்கி 100 மடங்குக்கு மேல் செறிவடைகிறது. நிறமாற்றத்தால் வெறும் கண்ணுக்கே புலனாகிறது. சிறுநீர்த் தொற்றை வழக்கமான வளர்ப்பு முறையால் உறுதிசெய்ய ஓரிரு நாள் ஆகும். அதுவரை பொறுக்க முடியாத நோயாளிக்கு மருத்துவர் ஊகத்தின் பேரிலேயே நோய்க்கிருமி மருந்தைத் தருகிறார். தேவையற்ற மருந்தைக் கண்ட கிருமி அதை எதிர்க்கப் பழகுகிறது. இக்கருவியை நம் திருச்சிராப்பள்ளியிலேயே சோதித்தார்கள். தொற்று இருக்கலாம் என்று ஐயுற்ற 39 பேரின் சிறுநீரை ஆராய்ந்தபோது, 50 நிமிடத்துக்குள் அவ்விடத்திலேயே விடை கிடைத்தது. எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்பதையும் வேறு 30 மாதிரிகளில் 120 நிமிடத்தில் கண்டறிந்தார்கள்.