பாஹியாவின் மண்சட்டி



வரலாறு என்றதும் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே உங்கள் நினைவுக்கு வரும். கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதைப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். மக்கள் நாள்தோறும் உண்ணும் உணவும் அத்தகைய சான்றுகளுள் ஒன்றே. எழுதப் படிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களைப் பற்றி அறிய, சில வேளைகளில் அதுவே சிறந்த சான்றாக அமைகிறது. இதனை விளக்க, தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டின் உணவு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பிரேசிலின் கிழக்குக் கடற்கரையில் பாஹியா என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகர் சால்வடார். 1549-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் நிறுவிய அந்நகரம், 1763 வரை அவர்களுடைய பிரேசில் ஆட்சிக்குத் தலைநகராக விளங்கிற்று. அங்குள்ளோர் பெருமையோடு சமைக்கும் உணவு மொக்கேக்கா. மீனையோ இறாலையோ உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவி வைப்பர். மண்சட்டியில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவற்றோடு அடுக்குவர். தேங்காய்ப்பாலும், தெந்தே எனப்படும் செந்நிற எண்ணெயும் ஊற்றி மெல்லிய தீயில் வேகவிடுவர். அதனைச் சோற்றோடும் வறுத்த மரவள்ளி மாவோடும் உண்பர். பாஹியாவுக்குத் தெற்கேயுள்ள எஸ்பிரித்து சாந்து மாநிலத்தாரோ தேங்காய்ப்பாலும் தெந்தேயும் சேர்க்காமலே மொக்கேக்கா சமைப்பர். இரண்டனுள் எது உண்மையான மொக்கேக்கா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை.

பாஹியாவின் சட்டியிலுள்ள பொருள்கள் எங்கெங்கிருந்து வந்தன? மரவள்ளியும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. நச்சுத்தன்மை வாய்ந்த மரவள்ளியின் சாற்றைப் பிழிந்தகற்றி மாவாக்கும் முறையை, துப்பி மொழி பேசிய பழங்குடியினர் நன்கு அறிந்திருந்தனர். வெங்காயமும் கொத்தமல்லியும் போர்ச்சுகீசியரோடு வந்தன. தெந்தே என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் எண்ணெய்ப்பனைப் பழத்திலிருந்து எடுப்பது; அப்பெயர் அங்கோலா நாட்டுக் கிம்புந்து மொழிச் சொல்லின் வழிவந்தது. மொக்கேக்கா என்ற பெயரையும் கிம்புந்துச் சொல்லாகவே சிலர் கருதுவர். மீனை இலையில் பொதிந்து சுட்ட துப்பி மக்களின் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர்.

தென்னையின் வழி இன்னும் நீண்டது. 1498-இல் வாஸ்கோ ட காமா இந்தியாவை அடைந்தபின், போர்ச்சுகீசியர் இந்துமாக்கடற் கரையிலிருந்து தேங்காயைக் கேப் வெர்டே தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டிலேயே அது பாஹியாவை அடைந்தது. 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளின் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள், அட்லாண்டிக் கரைத் தென்னைகள் இந்துமாக்கடற் பகுதியின் வழித்தோன்றல்களே என்று 2011-இல் வெளியிட்டனர். தென்னிந்தியா, இலங்கை, இலட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றை உள்ளடக்கிய பகுதியே அவ்வினத்தின் தாயகமாகலாம் என்பது அவர்கள் முடிவு.

இவற்றையெல்லாம் கண்டு, மூன்று கண்டத்தார் கூடி ஆக்கிய விருந்து இது என்று பாராட்டுவோர் உண்டு. ஆனால், வந்தவர் அனைவரும் விரும்பி வந்தவரல்லர். அடிமை வாணிகம் நடந்த மூன்று நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 48 இலட்சம் ஆப்பிரிக்கர் பிரேசிலில் இறக்கப்பட்டனர். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டிலும் இத்துணைப் பேர் இறக்கப்படவில்லை. அவர்களை ஏற்ற தலைமைத் துறைமுகங்களுள் ஒன்று சால்வடார். கரும்புத் தோட்டங்களும் ஆலைகளும் அவர்கள் உழைப்பை விழுங்கின. 1888 மே 13-ஆம் நாளன்றுதான் அந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அடிமைப் பெண்கள் பலர் சால்வடார்த் தெருக்களில் கூடை சுமந்து உணவு விற்றனர். உடைமையாளருக்குக் குறித்த தொகையைச் செலுத்தியபின் எஞ்சிய காசைச் சேமித்து, அதைக் கொண்டே விடுதலையை விலைக்கு வாங்கியோரும் அவர்களுள் இருந்தனர். சமையற்றிறன் அவர்களுக்கு வயிற்றுக்கு வழியாக மட்டுமன்றி, உரிமைக்கும் வழியாயிற்று.

இப்பெண்களைப் பற்றி நாம் அறிவதற்கு உதவியவர்களுள் இருவர் ஆசிரியர்கள். ஒருவர், 1787-இல் சால்வடாருக்குக் கிரேக்க மொழி கற்பிக்க வந்த லூயிஸ் தோஸ் சாந்தோஸ் வில்யேனா. 1802-இல் அவர் தொகுத்த கடிதங்களில், தெருவில் விற்ற பண்டங்களை வரிசையாகக் குறித்துள்ளார். காராமணியை அரைத்துத் தெந்தே எண்ணெயில் பொரித்த, நம் வடை போன்ற அக்கராஜே அவற்றுள் ஒன்று. தேங்காய் சேர்த்த சோறு மற்றொன்று. செல்வர் வீடுகளிலிருந்து இவை விற்பனைக்கு வருவதை இழிவெனக் கருதியே அவர் எழுதினார். எனினும், அவர் இகழ்ந்து எழுதிய பட்டியலே இன்று நமக்கு அரிய சான்றாக நிற்கிறது.

மற்றொருவர் மனுவேல் கெரினோ. 1851-இல் பாஹியாவில் பிறந்த கறுப்பினத்தவர், ஓவிய ஆசிரியர், அடிமை ஒழிப்புக்காக உழைத்தவர். பிரேசிலின் நாகரிகத்தைக் கட்டியெழுப்பியதில் ஆப்பிரிக்கரின் பங்கு பெரிது என 1918-இல் எழுதினார். பாஹியாவின் சமையற்கலையைப் பற்றி அவர் எழுதிய நூல், 1923-இல் அவர் மறைந்தபின், 1928-இல் வெளிவந்தது. முன்னவர் இகழ்ந்த கைகளைப் பின்னவர் கலைஞரின் கைகளாகக் கண்டார். 2005-ஆம் ஆண்டில், அக்கராஜே விற்கும் பெண்களின் தொழிலைப் பிரேசில் அரசு தன் நாட்டு மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது.

மாணவர்களே! அதே போர்ச்சுகீசியர் கடல்வழிகளால்தான் அமெரிக்க மிளகாய் நம் நாட்டை அடைந்தது. தேங்காய் அங்கே சென்றது. மிளகாய் இங்கே வந்தது. இன்று வீட்டில் உணவு உண்ணும்போது, ஒவ்வொரு பொருளும் எந்த நாட்டது என்று கேளுங்கள். அதனோடு நில்லாமல், அதைச் சுமந்தவர் யார், விளைத்தவர் யார், அவர்களுக்கு அதனால் கிடைத்தது என்ன என்றும் கேளுங்கள். அக்கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்தால், வரலாறு கற்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பது பொருள்.