உலகச் சந்தையும் நம் தோட்டமும்

உலகப் போக்கு, உலகச் சந்தை என்றெல்லாம் சொன்னால், அது லண்டனிலும் நியூயார்க்கிலும் கோட்டு சூட்டு போட்டவர்கள் பேசிக்கொள்ளும் சங்கதி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. மலேசியத் தோட்டப்புறத் தமிழரைப் போல் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை முதுகில் சுமந்தவர்கள் குறைவு எனலாம். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியதும், இங்கே லயம் எழும்பியதும், லயத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி முளைத்ததும், கடலுக்கு அப்பால் ஒரு சக்கரம் மாறியதால்தான்.

பரிசளிப்பு விழா மலரில் இதை எழுதக் காரணம் உண்டு. "தோட்டம் போச்சு சார், எல்லாம் நம்ம தலையெழுத்து" என்று பெற்றோர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லை. ஆனால் தோட்டம் வந்ததற்கும் காரணம் இருக்கிறது, போனதற்கும் காரணம் இருக்கிறது. ஆண்டு குறிப்பிட்டே சொல்லலாம்.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மிகச் சில. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கில் கோலாகங்சாரில் நடப்பட்டன. அந்த வழியில் நிற்கும் பழைய மரம் ஒன்றை இன்றும் அவ்வூரில் போய்ப் பார்க்கலாம்.

மரம் வந்துவிட்டது; கேட்பாரில்லை. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, சட்டைப்பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, பார்க்கிற துரைமாரிடமெல்லாம் "நடுங்கள், நடுங்கள்" என்று கெஞ்சினாராம். அவருக்குக் கிடைத்த பட்டம் "பைத்தியக்கார ரிட்லி". மரத்தைக் கொல்லாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவி நாள்தோறும் பாலெடுக்கும் முறையைச் செய்து காட்டியவரும் அவரே. நம் வீட்டுப் பெரியவர்கள் காலமெல்லாம் பிடித்த உளிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் முதன்முதலாக ரப்பரை வணிகப் பயிராக நட்டார். வெள்ளைக்காரத் துரைமார்கள் அப்போது காப்பி காப்பி என்று அதிலேயே இருந்தார்கள். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்த பிறகுதான் ரப்பர் பக்கம் திரும்பினார்கள்.

அதே 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் காடி. 1908இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு தம்முடைய "மாடல் டி" காடியை விற்பனைக்கு விட்டார். காடி ஒன்றுக்கு நாலு டயர். ரப்பருக்கு அலைந்தார்கள். 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பங்கு வாங்கியவர்கள் குபேரரானார்கள்.

மலாயாவில் காடு இருந்தது, பணமும் வந்தது. வெட்ட ஆள் இல்லை. 1907இல் அரசாங்கமே தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, ஆள் வைத்திருக்கும் முதலாளிகளிடம் வரி வாங்கி, கப்பல் செலவைக் கொடுத்தது. சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணிமார்கள் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டினார்கள். அமெரிக்காவில் ஒருவர் காடி வாங்க ஆசைப்பட்டது, சேலத்திலும் திருச்சியிலும் வடஆர்க்காட்டிலும் வானம் பார்த்த பூமியில் வாடிக்கிடந்த குடும்பத்தை நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு நடக்க வைத்தது. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. தேங்காயும் மாசியும் காய்க்கிற நாடு என்று வேண்டுமானால் சொல்லியிருப்பார்கள்!

பள்ளிக்கூடங்களும் இதே கணக்கில் வந்தவைதான். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருந்த பள்ளிகள் ஏராளம். தமிழ்ப் பற்றால் வந்த ஏற்பாடு என்று யாரும் எண்ண வேண்டாம். குடும்பத்தோடு ஆள் தங்கினால்தான் மரம் வெட்ட முடியும் என்ற கணக்கு அது.

ஏறியது இறங்காமல் இருக்குமா? முதல் உலகப் போருக்குப் பின் விலை விழுந்ததும், 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைத்தன. விலை ஏறிற்று. டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியா இதில் சேரவில்லை. சுமத்ராவிலும் போர்னியோவிலும் குடியானவர்கள் விழுந்து விழுந்து நட்டார்கள். 1928இல் திட்டமே கைவிடப்பட்டது. எரிச்சலடைந்த போர்டு, சொந்தமாகவே ரப்பர் பயிரிட பிரேசிலில் "போர்ட்லாண்டியா" என்ற பெருந்தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே இலைக்கருகல் நோய் வந்து மரங்களை அழித்தது. தாய்நாட்டில் தோட்டமாக வளராத மரம், வந்தேறிய நாட்டில் செழித்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரத்தைவிட மனிதர்களின் ஞாபகம்தான் வருகிறது.

பிறகு வந்தது உலகப் பொருளாதார மந்தம். 1929இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. காடி வாங்குவார் இல்லை. 1932இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 2 பென்சுக்கும் கீழே போயிற்று. 12 ஷில்லிங் என்பது 144 பென்ஸ். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சம்பளத்தை வெட்டினார்கள், ஆளைக் குறைத்தார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் திருப்பிக் கப்பலேற்றப்பட்டார்கள். விலை தேறிய பிறகு மீண்டும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் வர, போகச் சொன்னால் போக, கதவோரத்தில் நிற்கும் ஆளாக நம்மவரை வைத்திருந்தார்கள். இந்தப் போக்கைக் கண்ட இந்திய அரசு 1938இல் மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதைத் தடை செய்தது.

சப்பான்காரன் காலம் நம் வீடுகளில் பேசப்படும் காலம். தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பிடித்துச் சென்று சயாம்–பர்மா ரயில் பாதையில் சாகவிட்டதை அறியாத குடும்பம் இல்லை. அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் நடந்த வேறொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலாயாவும் இந்தோனேசியாவும் ஜப்பானியர் கையில் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றுபோனது. டயர் இல்லாமல் போர் ஏது? 1941இல் சில ஆயிரம் டன்னே செயற்கை ரப்பர் செய்துகொண்டிருந்த அந்நாடு, 1945இல் ஏழு லட்சம் டன்னுக்கு மேல் செய்தது. மரமும் வேண்டாம், மழைக்கும் பயமில்லை, விடிகாலைப் பெரட்டுக்கும் ஆள் வேண்டாம். எண்ணெயிலிருந்து ரப்பர்! நம் ஆட்கள் மரண ரயிலிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியபோது, அவர்கள் தொழிலுக்கு ஒரு போட்டிக்காரன் பிறந்து வளர்ந்து நின்றான். 1950இல் கொரியப் போரால் விலை துள்ளிக் குதித்தது, தோட்டங்களில் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்தில் இவனை மறந்துவிட்டார்கள். 1960களில் உலகச் செயற்கை ரப்பர் உற்பத்தி இயற்கை ரப்பரை முந்திவிட்டது.

கெட்டிக்கார வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில இதை முன்பே மோப்பம் பிடித்தன. விடுதலையும் நெருங்கவே, 1950களிலிருந்தே தோட்டத்தை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். இதுவே தோட்டத் துண்டாடல். துண்டான தோட்டத்தில் லயமும் இல்லை, வேலையும் இல்லை. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டம் தோட்டமாக நடந்து, பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது இந்த நேரத்தில்தான். நம் வரலாற்றில், சந்தை போகும் திசையைப் பார்த்துத் தொழிலாளியின் பணத்தையே முதலாக்கிய முயற்சி அது. எல்லாரையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

ரப்பர் அடியோடு சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அதிகம் பால் தரும் ஒட்டுரகங்களைக் கொடுத்தது. 1965இல் தரம் குறித்த கட்டி ரப்பர் வந்தது. ரேடியல் டயருக்கு இயற்கை ரப்பர் கூடுதலாகத் தேவைப்பட்டது. 1973இல் எண்ணெய் விலை ஏறவே, எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பரின் விலையும் ஏறியது. ஆகாய விமானச் சக்கரத்துக்கு இன்றும் மரத்துப் பால்தான்.

ஆனால் தோட்ட முதலாளியின் மனம் செம்பனைக்குப் போய்விட்டது. செம்பனை 1917இலேயே கோலசிலாங்கூர் தென்னமராம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, ரப்பர் விலை சோர்ந்த காலத்தில் அதற்கு யோகம் அடித்தது. செம்பனையில் ஏக்கருக்கு வேண்டிய ஆள் குறைவு. அங்கேதான் நமக்கு அடி.

இதில் ஒரு பூச்சியின் கதை இருக்கிறது. ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு வண்டு. இங்கே அந்த வண்டு இல்லை. ஆகவே மகரந்தத்தை மாவோடு கலந்து குப்பியில் எடுத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊதிவிட ஆள் வைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். "பூவுக்கு மாவு ஊதினோம்" என்று என் பாட்டி சொல்வார். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் முள்ளும் பாம்பும் நிறைந்த வேலை; வீட்டுக்கு இரண்டாவது சம்பளம் அது. கேமரூன் நாட்டிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து, 1981இல் ஜொகூர் குளுவாங் பகுதியில் பறக்கவிட்டார்கள். வண்டு பெருகியது, குலைகளில் காய் நன்றாகப் பிடித்தது, நாட்டின் விளைச்சல் உயர்ந்தது. எந்த அறிவியல் நூலும் இதைச் சாதனை என்றே கூறும், சாதனைதான். மாவு ஊதும் வேலை மட்டும் இல்லாமல் போயிற்று. எறும்பு அளவுகூட இல்லாத ஒன்று இத்தனை பேர் வேலையை எடுத்துக்கொள்ளும் என்று யார் கண்டது?

அதே 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி கம்பெனியின் பங்குகளை மலேசியா சில மணி நேரத்துக்குள் வாங்கி, அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. தோட்டங்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பின. நாட்டுக்குப் பெருமை. லயத்துக் குழாயில் தண்ணீர் மட்டும் பழையபடியே வந்தது.

அடுத்துத் தொழிற்சாலைகள் வந்தன. ஜப்பானிய, அமெரிக்க மின்னியல் கம்பெனிகள் 1970களிலிருந்தே பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் குவிந்தன. பட்டணம் விரிந்தது, நில விலை ஏறிற்று. மண்ணில் விளைவதைவிட மண்ணுக்கே விலை அதிகம் என்றான பிறகு எந்த மரமும் நிற்காது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டம் ஒன்றுக்குப் "பெராங் பெசார்", அதாவது பெரும்போர், என்று பெயர். ரப்பர் ஒட்டுரகங்களுக்கு உலகப் புகழ் பெற்ற அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.

1988இல் ஆண்டுக்குப் 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் தந்த நாடு இது. அன்று உலகில் முதலிடம். இன்று அதில் நாலில் ஒரு பங்குகூட வருவதில்லை. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முந்திக்கொண்டன. எய்ட்ஸ் நோய் பரவிய 1980களில் மருத்துவக் கையுறைக்கு உலகமெங்கும் தேவை எழுந்தது. நம் நாட்டில் கையுறைத் தொழிற்சாலைகள் பெருகின. 2020இல் கோவிட் பெருந்தொற்றில் அவை கொழித்தன. அவற்றுக்கான பாலில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பால். செய்யும் கையுறையில் பாதிக்கு மேல் செயற்கை ரப்பர். வேலை செய்பவர்களில் மிகப் பலர் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும். நம் பாட்டன் வந்ததைப் போலவே கடன்பட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகள் அவர்களை "பங்களா" என்று கேலி செய்வதைக் கேட்டால் மனம் கூசுகிறது.

இப்போது புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு இறுதிக்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததன்று என்று சான்று காட்டினால்தான் ரப்பரும் செம்பனை எண்ணெயும் உள்ளே வரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. மரம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்ட வேண்டிய காலம். பாலை நிறுக்கத் தெரிந்தவரைவிட, இந்தக் கணக்கை எழுதத் தெரிந்தவருக்கே இனித் தோட்டத்தில் வேலை. அந்த வேலைக்கு வரப்போவது யார் பிள்ளை என்பது எனக்குப் பெரிய கேள்வியாகவே இருக்கிறது.

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530ஐ ஒட்டியே. தோட்டத்தில் பிள்ளைகள் இல்லாமல் போன பள்ளிகள் சிலவற்றின் உரிமத்தை, நம்மவர் குடியேறிய பட்டணத்துத் தாமான்களுக்கு மாற்றிப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். மூன்று மாடி, கணினி அறை, பிள்ளைகள் நிறையவே. சுற்றுவட்டாரத்தில் ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. பெயர்ப்பலகையில் மட்டும் இன்னும் அந்தத் தோட்டத்தின் பெயர்.