பரணில் கிடந்த இசைத்தட்டுகளும் பழைய சுழற்கருவியும்

சென்ற கோடையில் மேலூரில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டுப் பரணை ஒழித்தபோது, தகரப் பெட்டியொன்றில் பதினோரு அரக்கு இசைத்தட்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவை நாடகப் பாடல்கள். அவற்றைக் கேட்டுவிடும் ஆவலில் எங்கள் குழுவினர் பணம் திரட்டி, திருமண விழாக்களில் டி.ஜே. பணியாற்றிவந்த இளைஞர் ஒருவரிடம் பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கினோம். பளபளப்பான கருவி, விலையும் நியாயமே. வீட்டுக்குக் கொண்டுவந்து இசைத்தட்டை ஏற்றிய பிறகே கவனித்தோம். அதில் 33, 45 என இரண்டே வேகங்கள் இருந்தன. எங்கள் தட்டுகளோ நிமிடத்திற்கு 78 சுற்று. விற்றவரிடம் குறையில்லை, கேட்க வேண்டியதை நாங்கள் கேட்கவில்லை.

அந்த 78 என்ற எண்ணுக்குப் பின்னால் நம் பகுதியின் வரலாறே இருக்கிறது. 1902இல் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். 1908இல் அங்கே சியால்டாவில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை எழுந்தது. இசைத்தட்டுக்கு வேண்டிய அவலரக்கு இந்திய மண்ணிலேயே மிகுதியாகக் கிடைத்தது. தெற்கே, சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். மதுரையில் 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடினார். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருமுன் இசைத்தட்டு வணிகர். சென்னையின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் அவர் பங்கேற்ற நிறுவனம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் தம் இருபத்தெட்டாம் வயதுக்குள் மறைந்தார். பேசும் படத்தில் அவர் நடிக்கவில்லை. அவருடைய குரல் நமக்கு எஞ்சியிருப்பது அரக்குத் தட்டுகளால்தான். தவறான முள்ளைத் தாங்கிய கருவி அத்தகைய தட்டின் மீது ஒருமுறை ஓடினாலும் பள்ளத்தின் சுவர் தேயும். தேய்ந்ததைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆகவே, பழைய கருவி வாங்கச் செல்பவர் முதலில் தம்மிடமுள்ள தட்டைப் பார்க்க வேண்டும். அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்குரிய முள்ளின் முனை ஆரம் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான 33 சுற்று நெடுந்தட்டுக்கு 0.025 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ போதும். நெடுந்தட்டின் முள் அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எழுப்பும். கைச்சாவி கிராமபோனில் நெடுந்தட்டை வைத்தாலோ, எஃகு முள்ளும் கனத்த ஒலிப்பெட்டியும் அதை உழுதுவிடும்.

கைச்சாவிக் கருவியைத் தேடுவோர் மேலூரிலிருந்து திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி போவது வழக்கம். முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருட் கடைகள் புகழ்பெற்றவை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: பித்தளைப் புனலும் நாய்ப்படமும் பொருத்திய 'பழைய' கிராமபோன்கள் பலவும், பிரித்த சிறு பெட்டிக் கருவியின் உறுப்புகளைக் கொண்டு அண்மைக் காலத்தில் கூட்டப்பட்டவை. இது நாடு முழுவதும் நடப்பது. புனலைவிட மோட்டாரை நம்புங்கள். சாவி முழுதும் கொடுத்து, தட்டின் ஒரு பக்கத்தை, ஏறத்தாழ மூன்று நிமிடம், ஓடவிடுங்கள். சுருதி இறங்கினால் வில்சுருள் தளர்ந்திருக்கும். 'தொப்' என்று அதிர்ந்தால் உள்ளே மசகு இறுகியிருக்கும்.

எங்களுக்கு உண்மையில் உதவியது மைக்செட்காரர்களின் காலத்துக் கருவி. திருவிழாவிலும் காதணி விழாவிலும் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' வசனத் தட்டுகளைக் குழாய் ஸ்பீக்கரில் ஊரெங்கும் கேட்கச் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் கையாண்ட பிளேயர்கள் பலவற்றில் 16, 33, 45, 78 என நான்கு வேகங்கள் உண்டு. முள்ளையும் திருப்பிப் போடலாம், ஒரு பக்கம் 78க்கு, மறுபக்கம் நெடுந்தட்டுக்கு. அடியில் மோட்டார் தண்டுக்கும் சுழல்தட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். கருவியின் உயிர் அதில்தான். பல ஆண்டுகள் ஓடாமல் அழுந்தியே கிடந்தால் ரப்பரில் தட்டை விழுந்து, சுற்றுக்குச் சுற்று 'டக் டக்' ஒலிக்கும். சுழல்தட்டைத் தூக்கி அதை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. விளிம்பில் காகிதத் துண்டு ஒட்டி எண்ணலாம்: மூன்று நிமிடத்தில் நூறு சுற்று வந்தால் அது 33. வெளிநாட்டிலிருந்து வந்த கருவியானால் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்க மின்சாரம் 60 சைக்கிள், நமது 50. மின் சைக்கிளைச் சார்ந்து ஓடும் அந்நாட்டு மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுற்றும். பாடகி ஆண்குரலில் பாடுவார். ஜப்பான் உள்நாட்டுக் கருவி 100 வோல்ட். நேராகச் செருகினால் புகைதான்.

டி.ஜே. கருவியே வேண்டுமென்போர் அதன் வரலாற்றையும் அறிவது நல்லது. டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் எஸ்எல்-1200ஐயும் 1979இல் அதன் இரண்டாம் வடிவத்தையும் வெளியிட்டது. 2010இல் நின்ற உற்பத்தி 2016இல் மீண்டது. புகழ்பெற்ற இரண்டாம் வடிவத்தில் 78 இல்லை. 2019இல் வந்த ஏழாம் வடிவத்தில் உண்டு. வாடகைக்குப் போய்வந்த கருவியில் முதலில் நோக வேண்டியது முள்ளைத் தாங்கும் கை. நுனியை மெல்லப் பிடித்து அசைத்தால் மூட்டில் ஆட்டம் தெரியக்கூடாது. பின்புற எடைக்குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பயணத்தில் தொலைவது அதுவே. வேகக் கட்டையை மேலும் கீழும் தள்ளினால் சுருதி படிப்படியாக மாற வேண்டும், தாவக்கூடாது. முள்ளின் வயதை விற்பவர் சொல்லும் சொல்லால் அறிய இயலாது. புதிய முள்ளின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

இறுதியில் நாங்கள் காயலான் கடை ஒன்றிலிருந்து நான்கு வேகப் பிளேயரை வாங்கி, மதுரையில் ஒரு மெக்கானிக்கிடம் ரப்பர் சக்கரத்தைப் புதுப்பித்து, 78க்குரிய புதிய முள்ளும் இட்டோம். பதினோரு தட்டுகளில் ஒன்பதைக் கேட்டுப் பதிவு செய்தாயிற்று. மற்ற இரண்டும் விளிம்பில் விரிசல் கண்டவை; அவற்றை இன்னும் சுழலவிடத் துணியவில்லை.