ஆடுபுலி ஆட்டம்

ஆடுபுலி ஆட்டம் என்பது தமிழகத்தில் தொன்றுதொட்டு ஆடப்பட்டுவரும் இருவர் ஆட்டம் ஆகும். சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் ஒரே அளவு படை. இதிலோ ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள். சமமற்ற இரு படைகள் சமமாகப் போரிடுவதே இதன் சிறப்பு.

ஆடும் முறை

முக்கோண வடிவக் கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகளும் சந்திக்கும் 23 புள்ளிகளே களம். கூழாங்கல், புளியங்கொட்டை போன்றவை காய்கள். வழக்கமான முறையில் புலிகள் முதலில் உச்சிப் பகுதியில் வைக்கப்படும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். 15 ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி நகரலாம், அடுத்துள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பால் உள்ள வெற்றிடத்தில் அமர்ந்து வெட்டலாம். ஆடுகளால் வெட்ட இயலாது. புலிகளை நகரவிடாமல் அடைத்தால் வெற்றி.

படை அமைக்கும் தந்திரம்

கோடுகள் முடியும் மூலைகளில் உள்ள ஆட்டைத் தாண்ட முடியாது. எனவே தேர்ந்தவர்கள் அங்கிருந்து தொடங்கி, ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் வெற்றிடம் இல்லாதவாறு அணிவகுப்பர். சில நேரங்களில் ஓர் ஆட்டைப் பலி கொடுத்துப் புலியை மூலைக்கு இழுப்பதும் உண்டு. புலியின் பலம் வெற்றிடம். ஆட்டின் பலம் கூட்டம்.

பிற நாடுகளில்

நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 4 புலிகளும் 20 ஆடுகளும் உண்டு. ஐரோப்பாவில் நரியும் வாத்துகளும் மோதும் ஆட்டம் இவ்வகையினதே. 1983-இல் இங்கிலாந்தில் வெளியான வார்ஹேமர் போன்ற பொம்மைப் படை ஆட்டங்களில், வலிய வீரனுக்கு அதிகப் புள்ளி, எளிய வீரனுக்குக் குறைந்த புள்ளி என விலையிட்டுச் சமன் செய்கின்றனர். ஆடுபுலி ஆட்டமோ புள்ளிக் கணக்கின்றி, எண்ணிக்கையாலும் விதியாலுமே அச்சமநிலையை எட்டுகிறது.

வரலாற்றுச் சான்று

தமிழகக் கோயில்கள் பலவற்றின் மண்டபத் தரையில் இக்களம் செதுக்கப்பட்டுள்ளது. ஆயினும் கோயிலின் காலமே ஆட்டத்தின் காலம் எனக் கொள்ளுதல் தவறு. கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி காட்டும். வெறும் கோடுகளுக்கு அத்தகைய அடையாளம் இல்லை. கோயில் கட்டிய சிற்பியும் கீறியிருக்கலாம், பல நூற்றாண்டுகளுக்குப் பின் இளைப்பாறிய வழிப்போக்கரும் கீறியிருக்கலாம். திருப்பணியின்போது தரைக்கற்களை மாற்றினால் இச்சான்றும் அழியும். எனவே கல்வெட்டுகளைப் படியெடுப்பது போல, இக்கோடுகளையும் இடம் குறித்துப் பதிவு செய்வது அவசியமாகும்.