அமெரிக்க உள்நாட்டுப் போரும் அடிமைகளின் பங்கும்

ஐக்கிய அமெரிக்காவின் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த போரைப் பற்றிக் கூறுவோர், லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்பதோடு அமைவர். அது வரலாற்றின் ஒரு பாதியே.

1860 இல் அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் இருந்தனர். தென்னகத்தின் பருத்திச் செல்வம் அவர்தம் உழைப்பிலேயே தங்கியிருந்தது. அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவுவதை எதிர்த்த லிங்கன் அவ்வாண்டில் சனாதிபதியாகத் தெரிவாகவே, தென்மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன. அவ்வாறு பிரிந்தவை 11. எனினும், ஒன்றியத்தைக் காப்பதையே லிங்கன் தொடக்கத்தில் தம் நோக்கமாகக் கொண்டார்.

அந்நோக்கம் விரிவடைய வழிசெய்தோர் அடிமைகளே. 1861 மே மாதத்தில், தென்படைக்கு அரண் அமைக்கும் பணியிலிருந்த மூவர் தப்பி, வர்ஜீனியாவில் வடபடை வசமிருந்த மன்றோ கோட்டையில் தஞ்சம் புகுந்தனர். தளபதி பட்லர் அவர்களைத் திருப்பியனுப்ப மறுத்தார். பின்னர் ஆயிரக்கணக்கானோர் அவ்வழி வந்தனர். அவர்கள் உழைப்புத் தெற்கிற்கு இழப்பாகவும் வடக்கிற்கு வலிவாகவும் ஆயிற்று. 1863 சனவரி 1 ஆந் திகதிப் பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளின் அடிமைகளையே விடுவித்ததாயினும், கறுப்பினத்தவர் படையிற் சேரவும் வழி திறந்தது. ஏறத்தாழ 180,000 பேர் சேர்ந்தனர். 1865 இல் அரசியலமைப்பின் 13 ஆந் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

ஆயினும், 1877 இல் மத்திய அரசு தெற்கில் தன் படைக்காவலைக் கைவிட்டபின், கறுப்பினத்தவரின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. 1965 ஆம் ஆண்டுச் சட்டமே அதனை மீட்டது. ஏட்டில் எழுதிய உரிமைக்கு ஆட்சியின் காவலும் வேண்டும் என்பதற்கு இடைப்பட்ட 88 ஆண்டுகளே சான்றாகும்.